வீரர்களை வளர்த்தவர்களுக்கும் பங்கு வேண்டும்: யூசிஐ தலைவருக்கும் டூர் டி பிரான்ஸ் இயக்குநருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உலக சைக்கிள் சம்மேளனத்தின் (யூசிஐ) தலைவர் டேவிட் லபார்தியான் அவர்களுக்கும், டூர் டி பிரான்ஸ் இயக்குநர் கிறிஸ்டியான் ப்ருதோம் அவர்களுக்கும்,

வணக்கம்.

தொழில்முறை சைக்கிள் பந்தயத்தில் ஓர் அணிக்கு உரிமம் தருவதும் மறுப்பதும் யூசிஐயின் கையில் இருக்கின்றன. உரிமத்தால் மட்டும் நுழைய முடியாத அணியை டூருக்கு அழைப்பதும் அழைக்காமல் விடுவதும் டூர் அமைப்பாளர்களின் கையில் இருக்கின்றன. இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில்தான் ஒரு மேலாளரின் ஆண்டுக்கணக்கான உழைப்பு ஊசலாடுகிறது. ஆகவே இருவரையும் ஒருசேர விளித்து எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: இளம் வீரர்களைக் கண்டெடுத்து, பழக்கி, உலக மேடைக்கு அனுப்பும் அணிகளுக்கும் சங்கங்களுக்கும் அந்த வேலைக்கான பங்கு விதியிலேயே எழுதப்பட வேண்டும். இதற்குச் சான்றாக நான் முன்வைப்பது ழான்-ரெனே பெர்னோதோவின் வாழ்க்கையை. உங்கள் இருவருக்கும் அவர் நன்கு தெரிந்தவர். இருந்தாலும் அவர் கடந்து வந்த பாதையை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது விளங்கும் செய்தி, தனித்தனியாகப் பார்க்கும்போது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பெர்னோதோ 1956-ல் பிரான்ஸின் மேற்குப் பகுதியான வாண்டேயில், சேன்-மொரிஸ்-ல-ஜிரார் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1978-ல் ரெனோ அணியில் தொழில்முறை வீரரானார். அந்த அணியை நடத்தியவர் சிரில் கிமார்; அணியின் தலைமை வீரர் பெர்னார் ஹினோ. அப்படிப்பட்ட அணியில் சேரும் இளைஞன் தன் பெயரை மறந்து தலைவனுக்காக மிதிக்க வேண்டும் என்பதுதான் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டே அவர் 1979 டூரில் ஐந்தாம் இடம் பிடித்து, சிறந்த இளம் வீரருக்கான வெள்ளைச் சட்டையும் வாங்கினார். அதே ஆண்டு வால்கன்பர்க்கில் நடந்த உலகச் சாம்பியன் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். 1980 முதல் 1983 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து தெற்கு பிரான்ஸின் மிடி லிப்ர் பந்தயத்தை வென்றார். டூரை வென்றவர்களின் வரிசையில் அவர் பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் தேசத்தின் முதல்வரிசை வீரர்களில் ஒருவராக இருந்தார் என்பதில் ஐயமில்லை.

அந்தக் காலத்து நிகழ்வுகளில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னாளில் அவர் அணி நடத்திய விதத்தின் விதை அதில் கிடக்கிறது. 1980 இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தின் இறுதிக்கு முந்தைய நாட்களில் வீரர்கள் ஸ்டெல்வியோ மலையை ஏறினார்கள். கிமாரின் திட்டப்படி பெர்னோதோ முன்கூட்டியே கூட்டத்தை விட்டு விலகி முன்னே போய்விட்டார். பின்னர் ஹினோ, முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டையில் இருந்த பானிஸாவை மலையில் உதறிவிட்டு வந்து தன் தோழனைப் பிடித்தார். மலை இறங்கிய பிறகும் சோண்ட்ரியோ வரை நீண்ட சமவெளிச் சாலை மிச்சமிருந்தது. இருவரும் மாறி மாறி முன்னால் நின்று எதிர்காற்றைத் தாங்கிக்கொண்டு மிதித்தார்கள். பந்தயத்தின் ஒட்டுமொத்த வெற்றியை ஹினோ எடுத்துக்கொண்டார். அன்றைய கட்டத்தின், அதாவது அந்த ஒரு நாள் ஓட்டத்தின், வெற்றியைப் பெர்னோதோவுக்கு விட்டுக்கொடுத்தார். தலைவனுக்காக உழைத்தவனுக்கும் ஒரு நாள் உண்டு என்ற நியாயம் அந்தச் சாலையில் நிறைவேறியது. பெர்னோதோ அதை மறக்கவில்லை என்றே அவருடைய அணியின் வரலாறு எனக்குச் சொல்கிறது.

1988-ல் ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு முன் பல வழிகள் இருந்திருக்கும். பெரிய அணியொன்றின் காரில் இரண்டாம் இயக்குநராக உட்கார்ந்திருக்கலாம். அவர் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பினார். 1991-ல் வாண்டே யூ என்ற தொழில்முறை அல்லாத அணியைத் தொடங்கினார். படிப்பையோ தொழிற்பயிற்சியையோ கைவிடாமல், ஓர் இளைஞன் தொழில்முறை வீரனாகும் தகுதியை எட்ட வேண்டும் என்பது அந்த அணியின் அடிப்படை. பந்தய உலகத்தில் பெரும்பாலோர் பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் பதினெட்டு வயதுப் பையன்களைப் பள்ளியிலிருந்து பிடுங்கி வந்து மிதிக்க வைக்கும் வழக்கம் எத்தனை குடும்பங்களைக் கலங்கடித்திருக்கிறது என்பதை எண்ணினால், இந்த ஒரு கொள்கைக்காகவே அவரைப் பாராட்டலாம். ஷாத்தல்ரோ ஊரிலிருந்து வந்த சில்வான் ஷவானெல் அங்கே பழகினார். பின்னாளில் 18 டூர்களில் பங்கேற்றார். அல்சாஸில் பிறந்து, மார்த்தினிக் தீவில் வளர்ந்து, தந்தையைக் கடலுக்குப் பறிகொடுத்த தோமா வோக்லரும் அங்கேதான் வந்து சேர்ந்தார். குவாதலூப் தீவிலிருந்து யோஹான் ஜென் வந்தார்.

2000-ல் இந்த நாற்றங்காலுக்கு மேலே ஒரு தொழில்முறை அணி எழுந்தது. இனி வரும் பெயர்களைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் இலவச விளம்பரத் தாள் நிறுவனமான போன்ஜூர். அடுத்து வாண்டேயைச் சேர்ந்த ரொட்டித் தயாரிப்பாளர்களான பிரியோஷ் லா புலாஞ்ஜேர். 2005 முதல் புயிக் டெலிகாம், பின் அதே நிறுவனத்தின் பிபாக்ஸ். 2011 முதல் வாடகைக் கார் நிறுவனமான யூரோப்கார். 2016 முதல் டிரெக்ட் எனர்ஜி, 2019-ல் அதோடு டோட்டல் சேர்ந்தது, 2021 முதல் டோட்டல்எனர்ஜிஸ். மேலாளர் ஒருவர்தான், வேர் பிடித்த மண்ணும் ஒன்றுதான். மார்பில் எழுதும் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. கால்பந்தில் ஒரு சங்கத்தின் பெயர் ஒப்பந்தம் முடிந்தவுடன் அழிந்துபோவதைக் கற்பனை செய்ய முடியுமா? சைக்கிள் பந்தயத்தில் அது நடைமுறை. புதிதாகப் பார்க்க வரும் ரசிகருக்கு இவை எட்டு வெவ்வேறு அணிகள்போலத் தோன்றும். பெர்னோதோவின் அணி என்று ஒன்று இருந்தது, இருக்கிறது என்பதை அந்த ரசிகருக்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும்.

2004 டூரில் அந்த அணி உலகத்தின் கண்ணில் பட்டது. பிரான்ஸ் சாம்பியன் சட்டையோடு வந்த 25 வயது வோக்லர், ஷார்த்ர் நகரில் முடிந்த ஐந்தாம் கட்டத்தில் முன்னே ஓடிய சிறு குழுவில் இருந்து, மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையைப் பெற்றார். பிளாட்டோ த பெய் மலை உச்சியில் எல்லோரும் அவர் சட்டையை இழந்துவிடுவார் என்று முடிவுகட்டிய நாளில், 22 வினாடி மிச்சத்தோடு அதைக் காப்பாற்றினார். மொத்தம் பத்து நாட்கள். ரொட்டிக் கடைப் பெயரை மார்பில் தாங்கிய சிறு அணி, அக்காலத்துப் பணக்கார அணிகளின் எதிரே நின்றது. அந்தப் பத்து நாட்களில் டூர் பிரெஞ்சு மக்களுக்கு மீண்டும் அவர்களுடைய பந்தயமாகத் தெரிந்தது என்று நான் சொன்னால், ப்ருதோம் அவர்களே, நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது 2009-க்கு வருகிறேன். லபார்தியான் அவர்களே, அப்போது யூசிஐ உங்கள் பொறுப்பில் இல்லை. ஆனால் அந்த முடிவின் தர்க்கம் இன்றும் உங்கள் விதிப்புத்தகத்தில் வாழ்கிறது. அந்த ஆண்டின் இறுதியில் புயிக் அணிக்கும் கோஃபிதிஸ் அணிக்கும் உயர்மட்ட அணிகளுக்கான முதல்நிலை உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. கணக்குப் பார்த்தவர்களுக்கு அவை தகுதி குறைந்த அணிகள். மறு ஆண்டு, 2010-ல் நடந்ததைக் கவனியுங்கள். வோக்லர் பிரான்ஸ் சாம்பியன் ஆனார். டூரில் லுஷோன் நகரில் முடிந்த மலைக் கட்டத்தைத் தனியாக வந்து வென்றார். அதற்கு அடுத்த கட்டத்தை, போ நகரில், பியேரிக் ஃபெத்ரிகோ வென்றார். மலையேற்றத்துக்கான புள்ளிச் சட்டையை அந்தோனி ஷார்தோ பாரிஸ் வரை கொண்டுவந்தார். தகுதி போதாது என்று கீழே இறக்கப்பட்ட அணி ஒரே டூரில் இரண்டு கட்டங்களையும் ஒரு சட்டையையும் எடுத்துக்கொண்டது. ஓர் அணியின் உள்ளே என்ன விளைந்துகொண்டிருக்கிறது என்பதைத் தரவரிசை எண்கள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அவை முடிந்த ஓட்டத்தை மட்டுமே எண்ணுகின்றன.

அத்தனை வெற்றி பெற்ற அதே ஆண்டின் முடிவில் புயிக் விலகியது. இங்கேதான் இந்தத் தொழிலின் அடித்தளம் எவ்வளவு மெல்லியது என்பது தெரிகிறது. அரங்கம் இல்லாததால் நுழைவுச்சீட்டு விற்பனை இல்லை. தொலைக்காட்சி உரிமைப் பணத்தில் அணிக்குப் பங்கு இல்லை. ஒப்பந்தம் முடிந்து வீரர் வேறு அணிக்குப் போனால் அணிமாற்றத் தொகையும் வராது. ஸ்பான்சர் தரும் பணம் ஒன்றே வருமானம். அவர் கையை விரித்த மறுநாள் அணியிடம் மிஞ்சுவன சில பேருந்துகளும் சைக்கிள்களும் மட்டுமே. பருவம் முடியும் தறுவாய் வரை பெர்னோதோ புதிய நிறுவனத்தைத் தேடி அலைந்தார். இயந்திரம் பழுதுபார்ப்பவர், உடம்பு பிடித்துவிடுபவர், ஓட்டுநர், அலுவலக எழுத்தர் என்று வீரர்களைவிட அதிகமானோரின் பிழைப்பு அந்தத் தேடலில் தொங்கியது. வோக்லருக்கு வேறு அணியிலிருந்து நல்ல அழைப்பு இருந்தது. போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பெர்னோதோவின் அணியிலேயே நின்றார். அவர் நின்றதால் யூரோப்கார் வந்தது, அணி பிழைத்தது. பல குடும்பங்களின் எதிர்காலம் ஒரு வீரரின் தனிப்பட்ட விசுவாசத்தின் மேல் இருந்தது என்பதை நெகிழ்ச்சியான கதையாகச் சொல்லிக்கொண்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். எனக்கோ அது அமைப்பின் தோல்வியாகவே படுகிறது.

2011 டூருக்கு யூரோப்கார் அணி அழைப்பின் பேரில்தான் வந்தது. சேன்-ஃப்ளூர் நகரில் முடிந்த ஒன்பதாம் கட்டத்தில் வோக்லர் மறுபடியும் மஞ்சள் சட்டை அணிந்தார். மறுபடியும் பத்து நாட்கள். கலிபியே கணவாயின் உச்சியில், 2,645 மீட்டர் உயரத்தில், டூர் வரலாற்றிலேயே மிக உயரமான இறுதிக்கோட்டில் முடிந்த நாளை நினைவுகூருங்கள். ஆண்டி ஷ்லெக் வெகு தொலைவிலிருந்தே தாக்கித் தனியாக முன்னேறிக்கொண்டிருந்தார். பின்னால், சட்டையின் முன்பக்கம் திறந்து கிடக்க, வாய் பிளந்து, தோள்கள் இடவலமாக ஆட, வோக்லர் கடைசிச் சரிவில் ஏறினார். கோட்டைத் தாண்டியதும் கடிகாரத்தைத் தேடிய முகம், 15 வினாடி மிச்சம் என்று தெரிந்ததும் முறுக்கி உயர்ந்த கைமுட்டி, இரண்டையும் பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது. மறுநாள் ஆல்ப் துயெஸ் ஏற்றத்தில் சட்டை கைமாறியது. ஆனால் பத்து நாட்களாக அவருக்காக மலைகளில் முன்னால் நின்று இழுத்த பியேர் ரோலானுக்கு அன்று தன் போக்கில் ஓட விடுதலை கிடைத்தது. சாமுவேல் சான்செஸையும் கோந்தடோரையும் பின்தள்ளி அவர் கட்டத்தை வென்றார். 1986-ல் ஹினோ வென்ற பிறகு அந்த மலையில் ஒரு பிரெஞ்சுக்காரர் வெல்வது அதுவே முதல் முறை. வெள்ளைச் சட்டையும் அவருக்கே. ஒட்டுமொத்தப் பட்டியலில் வோக்லர் நான்காம் இடம். ஸ்டெல்வியோவில் ஹினோவின் கையால் ஒரு கட்ட வெற்றியைப் பெற்ற இளைஞன், 31 ஆண்டுகள் கழித்து அணியின் காரில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே டூரில் இன்னொன்றும் நடந்தது. டூரில் ஓடிய முதல் கறுப்பின வீரர் என்ற பெயர் யோஹான் ஜெனுக்குக் கிடைத்தது. 1903-ல் தொடங்கிய பந்தயம் 2011 வரை காத்திருந்தது என்பது நாம் எல்லோரும் தலைகுனிய வேண்டிய செய்தி. ஜப்பானின் யுகியா அராஷிரோவும் எரித்திரியாவின் நத்னாயேல் பெர்ஹானேயும் இந்த அணியின் சட்டையில்தான் ஐரோப்பியச் சாலைகளில் தங்களை நிலைநாட்டினார்கள். காபோன் நாட்டின் அமிஸா போங்கோ பந்தயத்துக்குப் பெரிய அணிகள் பல எட்டிப் பார்க்காத காலத்தில் யூரோப்கார் ஆண்டுதோறும் போனது. 2014-ல் பெர்ஹானே அதை வென்றார். 2025-ல் உலகச் சாம்பியன் பந்தயம் ருவாண்டாவின் கிகாலியில் நடந்ததை யூசிஐ பெருமையோடு கொண்டாடியது, கொண்டாடத் தக்கதுதான். அந்தப் பெருமைக்கு வழி போட்டவர்களின் பட்டியலில் வாண்டேயின் இந்த அணியும் உண்டு. அதற்காக உரிமக் குழுவிடம் அது பெற்ற மதிப்பெண் எதுவும் இல்லை.

2014-ல் யூரோப்கார் முதல்நிலைக்கு ஏறியது. அந்த ஒரே ஆண்டில் ரோலான் இத்தாலியச் சுற்றில் நான்காம் இடம் பிடித்தார். 2015-க்கான உரிமம் நிதி நிலையைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டது. நிதிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. சம்பளம் கிடைக்காமல் தெருவில் நின்ற வீரர்களின் வரலாறு நமக்குத் தெரியும், வங்கி உத்தரவாதம் கேட்பது வீரர்களின் நலனுக்காகவே. ஆனால் வருமானம் பெருக ஒரே ஒரு வாசலை வைத்துவிட்டு, அந்த வாசல் குறுகியதற்காக அணியைத் தண்டிப்பது முறையா என்று கேட்கிறேன். 2015-ன் முடிவில் யூரோப்காரும் போனது. மீண்டும் தேடல். ஆண்டின் கடைசியில் டிரெக்ட் எனர்ஜி வந்து அணியைக் காத்தது. அதன் பிறகும் 2017-ல் லிலியான் கல்மெஜான் ரூஸ் மலையிலும், 2024-ல் வெண்சரளைச் சாலைகள் நிறைந்த கட்டத்தின் முடிவில் அந்தோனி துர்ஜிஸ் த்ருவா நகரிலும் டூர் கட்டங்களை வென்றார்கள். எழுபதை எட்டும் வயதிலும் பெர்னோதோ அதே தேடலின் நிழலில்தான் அணி நடத்துகிறார். 2025 டூரின்போது டோட்டல்எனர்ஜிஸ் பெயர் பிரிட்டனின் பெரிய அணியான இனியோஸின் சட்டையிலும் ஏறியதைக் கண்ட எந்த வாண்டே ரசிகருக்கும், இந்தப் பணமும் கைவிட்டுப் போய்விடுமோ என்று வயிற்றைக் கலக்கியிருக்கும்.

இது ஒருவர் கதை என்றால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். 2021-ல் மார்செய்யின் டெல்கோ அணி குலைந்தது. எரித்திரியாவின் பினியாம் கிர்மாய்க்குத் தொழில்முறையில் முதல் சட்டை தந்த அணி அது. மூன்றே ஆண்டுகளில், 2024 டூரில், அதே கிர்மாய் மூன்று கட்டங்களையும் புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டையையும் வென்றார். அந்த வெற்றியின் ஒளியில் டெல்கோவுக்குக் கிடைத்தது எதுவுமில்லை, கிடைப்பதற்கு அந்த அணியே இல்லை. 2022 முடிவில் பிரான்ஸின் வடமேற்குப் பகுதியான பிரத்தானியாவின் பி அண்டு பி ஹோட்டல்ஸ் அணி மூடியது. 2025 முடிவில் அதே மண்ணின் அர்கேயா அணியும் மூடியது. அதை நடத்திய எம்மானுவேல் ஹூபர், பெர்னோதோவைப்போலவே ஓட்ட வீரராக இருந்து மேலாளரானவர். மூடுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவருடைய வீரர் கெவின் வோகலான் டூரில் ஏழாம் இடம் பிடித்திருந்தார். வோகலான் இனியோஸ் அணிக்குப் போனார். அவர் வளர்ந்த அணி வரலாற்றில் கலந்தது. லபார்தியான் அவர்களே, பிரத்தானியா உங்கள் சொந்த மண். அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களை நடத்தும் ஊர்ச் சங்கங்கள் எப்படி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கின்றன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கால்பந்தில் 2001 முதல் ஒரு முறை இருக்கிறது. ஒரு வீரர் பெருந்தொகைக்கு நாடு விட்டு நாடு அணி மாறும்போது, அத்தொகையில் ஐந்து விழுக்காடு அவரைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை பழக்கிய சங்கங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. சிற்றூர்ச் சங்கமொன்று ஒரு பையனுக்குக் காலணி வாங்கிக் கொடுத்ததும், பெற்றோர் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனதும், பல ஆண்டுகள் கழித்து ஒரு மைதானமாகவோ விடுதியாகவோ திரும்பி வருகிறது. சைக்கிள் பந்தயத்தில் அணிமாற்றத் தொகை வழக்கத்தில் இல்லாததால் இதை அப்படியே பெயர்த்து நட முடியாது என்பது தெரியும். ஆனால் சம்பளம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, அவற்றைப் பதிவு செய்யும் யூசிஐ இருக்கிறது. முதல்நிலை அணி ஒரு வீரரை ஒப்பந்தம் செய்யும்போது, அவருடைய ஆண்டுச் சம்பளத்தின் மேல் ஒரு சிறு விகிதத்தை அணியே கூடுதலாகச் செலுத்த வேண்டும். அது வீரரின் சம்பளத்தில் பிடிக்கப்படக் கூடாது. பதினைந்து முதல் இருபத்துமூன்று வயதுவரை அவர் பதிவு செய்திருந்த சங்கங்களுக்கும் அணிகளுக்கும் ஆண்டுக்கணக்கில் அது பகிரப்பட வேண்டும். வளர்த்த அமைப்பு மூடப்பட்டிருந்தால் அந்தப் பங்கு அப்பகுதியின் இளையோர் பந்தயங்களுக்குப் போகட்டும். பதிவேடுகள் ஏற்கெனவே தேசிய சம்மேளனங்களிடம் உள்ளன. தேவைப்படுவது முடிவு மட்டுமே.

அடுத்து, உரிமம். விளையாட்டுத் தரம், நெறி, நிதி, நிர்வாகம், அமைப்பு என்ற அளவுகோல்களோடு வீரர் வளர்ப்பு என்பதையும் தனி அளவுகோலாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். இன்றைய புள்ளிமுறையின் கோணலை நீங்கள் அறிவீர்கள். 2023-ல் திருத்தப்பட்ட பட்டியலில் டூரின் ஒரு கட்ட வெற்றிக்கு 210 புள்ளி. இரண்டாம் நிலை ஒருநாள் பந்தயமொன்றின் வெற்றிக்கு 200 புள்ளி. உலகமே பார்க்க ஜூலை வெயிலில் மலையேறி வெல்வதற்கும், சில நூறு பேர் பார்க்கும் பந்தயத்தில் வெல்வதற்கும் இடையே பத்துப் புள்ளிதான் வேறுபாடு என்றால், மேலாளர் என்ன செய்வார்? வீரர்களைச் சிறு பந்தயங்களுக்கு அனுப்பிப் புள்ளி பொறுக்கச் சொல்வார். எழுச்சிக் கட்டத்தில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்குக் காத்திருக்காமல், புள்ளியோடு வரும் முப்பத்திரண்டு வயது வீரரை வாங்குவார். இருபது சிறந்த வீரர்களின் புள்ளிகளைக் கூட்டி மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏற்றி இறக்கும் முறை அவரை அப்படித்தான் தள்ளுகிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

புள்ளிகள் பாரபட்சம் பார்க்காதவை. அழைப்பும் தயவும் நிறைந்த பழைய காலத்தைவிட இது மேல் என்று உங்களில் ஒருவர் பதில் சொல்லக்கூடும். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. தேசப்பற்று மட்டுமே தகுதியாக வைத்து டூருக்குள் வந்த அணிகள் உண்டு, பெர்னோதோவின் அணியும் சில ஆண்டுகளில் டூரில் வெறுங்கையோடு பாரிஸ் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே புள்ளிமுறையை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வளர்ப்பையும் அதே பாரபட்சமற்ற முறையில் எண்ணலாம் என்கிறேன். ஒரு வீரர் முதல்நிலைப் பந்தயத்தில் வெல்லும் ஒவ்வொரு முறையும், அவரை இளமையில் பழக்கிய அணிக்கு அந்தப் புள்ளியில் ஒரு சிறு பகுதி தரவரிசையில் சேர்ந்தால், வளர்ப்பவருக்கும் கணக்கில் இடம் கிடைக்கும். எண்ணத் தெரிந்த அமைப்புக்கு இதுவும் எண்ணக்கூடியதே.

ப்ருதோம் அவர்களே, இனி உங்களுக்கு. பெர்னோதோவின் அணியை 2011-ல் நீங்கள் அழைத்தீர்கள். 2025-ல் இருபத்துமூன்றாவது அணிக்கு இடம் திறந்தபோதும் அழைத்தீர்கள். அந்த அழைப்புகள் இல்லையென்றால் இந்த மடலில் உள்ள பாதிக் கதை நடந்தே இருக்காது. நன்றியோடு இதைச் சொல்கிறேன். ஆனால் அந்தந்த ஆண்டில் வரும் அழைப்பை நம்பி ஒரு மேலாளர் ஸ்பான்சரிடம் எப்படி மூன்றாண்டு ஒப்பந்தம் கேட்பார்? டூர் உண்டா என்று அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கே அவரிடம் விடை இருப்பதில்லை. இப்போது அழைப்புக்கே தரவரிசையில் முதல் முப்பது அணிகளுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆகவே அழைப்பு இடங்களில் ஒன்றையேனும், வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட வளர்ப்பு அளவுகோலின்படி, இரண்டு பருவங்களுக்கு முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். ஒளிபரப்பு வருவாயைப் பற்றி அணிகளும் அமைப்பாளர்களும் ஆண்டுக்கணக்காகச் சண்டையிட்டு வருகிறார்கள். அதை இந்த மடலில் தீர்க்க நான் முனையவில்லை. அந்த வருவாயிலிருந்து ஒரு நிலையான தொகையை, மேலே சொன்ன வளர்ப்பு நிதியில் அமைப்பாளரின் பங்காகச் சேர்ப்பதற்காவது முன்வாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன். உங்கள் பந்தயத்துக்குத் தேவையான வீரர்கள் முளைப்பது இத்தகைய சங்கங்களில்தான்.

ஸ்பான்சர் நிறுவனங்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. அவை வந்தன, பணம் தந்தன, போயின. வணிகத்தில் அது இயல்பு, அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் விலகும் முடிவைக் குறைந்தது ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையை முதல் இரண்டு நிலை அணிகளின் ஒப்பந்தங்களில் யூசிஐ கட்டாயமாக்கலாம். 2010-லும் 2015-லும் பெர்னோதோ பட்ட பாடு இனி எந்த மேலாளருக்கும் வராமல் இருக்க அது ஓரளவு உதவும்.

2026-ல் புதிய மூன்றாண்டுச் சுற்று தொடங்கியிருக்கிறது. அடுத்த சுற்றுக்கான விதிகள் எழுதப்படுவதற்கு முன், வீரராக ஓடி, பின் அணி கட்டிய பெர்னோதோ, மார்க் மதியோ, வின்சான் லவ்னு, எம்மானுவேல் ஹூபர் போன்றவர்களை சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரத்தில் உள்ள யூசிஐ தலைமையகத்துக்கு அழைத்து, ஊர்ச் சங்கங்களின் பிரதிநிதிகளையும் உடன் அமர்த்தி, இந்த வளர்ப்புப் பங்கைப் பற்றி ஒரு வரைவு தயாரிக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வரைவை வீரர்கள் சங்கத்தின் கருத்தோடு பொதுவில் வெளியிடுங்கள். ஏற்க முடியாது என்றால் எதனால் முடியாது என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். காரணத்தை அறிந்து அதற்குப் பதில் தேட இந்தப் பந்தயத்தை நேசிக்கும் பலர் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பந்தயத்தைத் தொடர்ந்து பார்த்துவரும் தமிழ் ரசிகர் ஒருவர்